நெக்லிஜென்ஸ்: கவனக்குறைவா, அலட்சியமா?

வணக்கம். பெரியப்பாவின் விபத்து வழக்குத் தாள்களை அவருக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'நெக்லிஜென்ஸ்' என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை.

கவனக்குறைவு என்றால் கை தவறி டம்ளரைக் கீழே போட்டது போல லேசாக இருக்கிறது. அலட்சியம் என்றால் தெரிந்தே விட்டது போல ஆகிவிடுகிறது. சட்டத்தில் இதன் பொருள், எடுத்திருக்க வேண்டிய கவனத்தை எடுக்காமல் இன்னொருவருக்குக் கேடு வரவிடுவது. அதற்கு உள்நோக்கம் தேவையில்லை. எஃப்.ஐ.ஆரில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று எழுதியிருக்கிறார்கள் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 279, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 281ஆம் பிரிவு). அஜாக்கிரதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒட்டவில்லை.

பெரிய சிக்கல் 'கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ்'. பெரியப்பா இண்டிகேட்டர் போடாமல் திரும்பினார், அவர் பக்கமும் தவறு உண்டு என்கிறது எதிர்த்தரப்பு. அது நிரூபணமானால் அந்த விகிதத்துக்கு இழப்பீடு குறையும். இதைப் போய் 'உங்கள் அலட்சியம்' என்று எழுதினால் மனுஷர் உடைந்துபோவார். இன்னும் காலில் கட்டோடு படுத்திருக்கிறார்.

வக்கீல்கள், நீதிமன்ற மொழிபெயர்ப்பில் இருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தமிழ்த் தீர்ப்புகளில் இதற்கு என்ன சொல் வருகிறது? வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் பேருதவியாக இருக்கும்.