டெக்சஸில் பிளக்-இன் ஹைப்ரிட்: வாங்குவதா, லீஸா?

பனைமரம்:
டீலரிடம் மிச்சம் நிற்கிற டொயோட்டா 2025 ராவ்4 பிளக்-இன் ஹைப்ரிட் (பிளக்கில் சார்ஜ் பண்ணி கரண்டிலும், பெட்ரோலிலும் ஓடுறது) எஸ்இ மாடல் பார்த்திருக்கேன். ஸ்டிக்கர் விலை (கம்பெனி போட்ட விலை) 48,000 டாலர், பேசி 47,000-க்கு வந்திருக்கு. லீஸ்னா 36 மாசம், வருஷத்துக்கு 12,000 மைல், ரெசிடுவல் (லீஸ் முடிவில் வண்டிக்கு வைக்கிற மதிப்பு) 58 சதவீதம், மணி ஃபேக்டர் (லீஸ் வட்டியைச் சொல்ற எண்) 0.0025. ஆபீஸ் போய்வர தினம் 36 மைல். கராஜில் 120 வோல்ட் பிளக் இருக்கு. ஏழெட்டு வருஷம் ஓட்டுற எண்ணம். "பிளக்-இன்னா லீஸ் எடு, முடிஞ்சதும் வாங்கிக்கோ"ன்னு பலரும் சொல்றாங்க. இப்பவும் அது சரிதானா?

கொடுமுடி:
அந்த யோசனைக்கு உயிர் கொடுத்தது 7,500 டாலர் ஃபெடரல் கிரெடிட், அதாவது மத்திய அரசின் வரிச் சலுகை. இந்த வண்டி ஜப்பானில் தயாராவதால் வாங்குகிறவருக்கு அது கிடைக்கவில்லை. லீஸ் கம்பெனிக்குக் கிடைத்தது, அவர்கள் விலையில் கழித்தார்கள். 2025 செப்டம்பர் 30-ஓடு அது முடிந்துவிட்டது. இனி வெறும் வட்டி, வரிக் கணக்குதான்.

மணி ஃபேக்டரை 2400-ஆல் பெருக்குங்க: 6 சதவீத வட்டி. ரெசிடுவல் ஸ்டிக்கர் விலையில்தான் கணக்கு, அதாவது 27,840. 47,000-இல் அதைக் கழித்தால் வரும் தேய்மானம் 19,160-ஐ 36-ஆல் வகுத்தால் மாசம் 532. வட்டிக்கு 47,000-ஐயும் 27,840-ஐயும் கூட்டி 0.0025-ஆல் பெருக்கணும்: 187. ஆக 719, வரி இன்னும் சேரவில்லை.

டெக்சஸில் அடி விழுவது வரியில்தான். கலிஃபோர்னியாவில் மாதத் தவணைக்கு மட்டும் வரி. இங்கே லீஸுக்கும் முழு விலைக்கு 6.25 சதவீதம், 2,937 டாலர். மூணு வருஷம் கழித்து நீங்களே வாங்கினால் அது தனி விற்பனை. 27,840-க்கு இன்னொரு 1,740. ஒரே வண்டிக்கு இரண்டு தடவை வரி. சில ஃபைனான்ஸ் கம்பெனிகளிடம் முதல் வரியைக் குறைக்கும் டேக்ஸ் கிரெடிட் இருக்கும். டீலரிடம் அந்தப் பேரைச் சொல்லியே கேளுங்க, தானாகச் சொல்ல மாட்டார்கள்.

ஏழெட்டு வருஷம் ஓட்டப்போவது உறுதின்னா வாங்குங்க. பேட்டரி வாரண்டியும் 10 வருஷம் அல்லது 1,50,000 மைல்.

கார் லோன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு வந்திருக்கேன்னு யாராவது சொல்வார்கள். 2025 முதல் 2028 வரை அது உண்டு, ஆனால் அமெரிக்காவில் அசெம்பிள் ஆன புது வண்டிக்கு மட்டும். இந்த வண்டியின் வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) ஜப்பானைக் குறிக்கும் 'ஜே'யில் தொடங்கும், அதனால் கிடைக்காது.

வைகைக்கரை:
அதுக்கு முன்னாடி பிளக்கில் மாட்டத் தேவையில்லாத சாதா ஹைப்ரிட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. இபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை) கணக்குப்படி இது 100 மைலுக்கு 36 யூனிட் கரண்ட் எடுக்கும். யூனிட் 15 சென்ட்னா 5.40 டாலர். ராவ்4 ஹைப்ரிட் காலனுக்கு 40 மைல். காலன் 3 டாலர்னா 7.50. வருஷம் 10,000 மைல் கரண்டில் ஓடினாலும் மிச்சம் 210 டாலர்தான். யூனிட் 35 சென்ட் கொடுக்கிற ஊரில் பெட்ரோலே மலிவு. பெட்ரோல் மிச்சத்தை நம்பி மட்டும் இதை வாங்காதீங்க. 302 குதிரைத்திறன், 42 மைல் சத்தமில்லாத ஓட்டம், அது வேணும்னா வாங்குங்க.

சார்ஜிங்குக்கு இருக்கிற பிளக்கே போதும். 18.1 யூனிட் பேட்டரி 120 வோல்ட்டில் 12 மணி நேரத்தில் நிரம்பும், ராத்திரி மாட்டினால் காலையில் தயார். அதே சர்க்யூட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தால் மட்டும் பிரேக்கர் விழும், பார்த்துக்கோங்க. 240 வோல்ட் லைன் போட ஆசைப்பட்டாலும் எஸ்இ-யின் சார்ஜர் 3.3 கிலோவாட்தான், 20 ஆம்ப் லைன் தாராளம். எலெக்ட்ரீஷியன் 50 ஆம்ப் சொன்னால், இந்த வண்டிக்கு அது வீண் செலவு.

இன்னொண்ணு: முன்கண்ணாடி டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தினால் பேட்டரி நிறைய இருந்தாலும் இன்ஜின் ஓடும். ரிப்பேர்னு பயப்பட வேண்டாம்.

பனைமரம்:
ரெண்டு பேருக்கும் நன்றி. ஹெச்-1பி வேலை விசா நீட்டிப்பு நிலுவையில் இருக்கு. திடீர்னு ஊருக்குக் கிளம்பணும்னா லீஸ் பாதுகாப்பா?

கொடுமுடி:
இல்லைங்க, அப்போதுதான் லீஸ் கழுத்தைப் பிடிக்கும். பாதியில் விட்டால் மீதித் தவணை பெரும்பாலும் உங்கள் தலையில். வேறொருவருக்கு மாற்ற சில கம்பெனிகள் விடும், ஆனால் அவர் கட்டாவிட்டால் உங்களையே கேட்கும் ஒப்பந்தங்களும் உண்டு. சொந்த வண்டின்னா விற்று லோனை அடைக்கலாம். கடன் பாக்கி வண்டி விலையைத் தாண்டாமல் இருக்க 20 சதவீதமாவது முன்பணம் போடுங்க. லீஸில் மட்டும் முன்பணம் போடவே கூடாது: அடுத்த வாரமே விபத்தில் வண்டி டோட்டல் ஆனால் (சரிசெய்ய முடியாத அளவு சேதமானால்) அந்தப் பணம் திரும்பாது.

லீஸ்தான்னு முடிவெடுத்தால் கையெழுத்துக்கு முன்னாடி 'பை ரேட்' (ஃபைனான்ஸ் கம்பெனி டீலருக்குக் கொடுக்கும் அடிப்படை மணி ஃபேக்டர்) என்னன்னு கேளுங்க. டீலர் அதன்மேல் ஏற்றியிருப்பார். 0.0021-க்கு இறங்கினாலே மாசம் 30 டாலர் மிச்சம். திருப்பிக் கொடுக்கும்போது டயர் 4/32 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. டிக்கியில் இருக்கும் சார்ஜிங் கேபிளையும் சேர்த்துக் கொடுங்க. காணோம்னா அதுக்குத் தனி பில் வரும்.