டார்ச் பல்பும் நிக்ரோம் கம்பியும் எங்கே கிடைக்கும்?

வணக்கம். கடலூர் முதுநகர் பக்கம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மின்தடைப் பாடத்தைக் கரும்பலகையோடு முடிக்காமல், பிள்ளைகளே செய்து பார்க்கட்டும் என்று நினைக்கிறேன். சாமான் சேர்ப்பதுதான் பெரும்பாடு.

பழைய 2.5 வோல்ட் டார்ச் பல்பு, ஹோல்டரோடு வேண்டும். கடையில் கேட்டால் எல்இடியைத்தான் நீட்டுகிறார்கள். அது இதற்குச் சரிப்படாது. திருப்பிப் போட்டால் எரியாது, ஓம் விதிக்கும் அடங்காது. (குண்டு பல்பும் சூடேறினால் தடை கூடும், அது வேறு கதை.)

அப்புறம் நிக்ரோம் கம்பி, அதாவது ஹீட்டர் காயிலில் வரும் நிக்கல்-குரோமியம் கலவைக் கம்பி. 0.3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் மீட்டருக்குச் சுமார் 15 ஓம் வரும். அதே அளவு செம்புக் கம்பியைவிட 60 மடங்குக்கு மேல். மீட்டர் ஸ்கேலில் இழுத்துக் கட்டி, இரண்டு பேட்டரி போட்டு, குரோக்கடைல் கிளிப்பை நகர்த்தினால் பல்பு மங்குவது கடைசி பெஞ்சுக்கும் தெரியும். இன்னொரு கம்பியையும் பக்கத்தில் இணைத்தால் வெளிச்சம் கூடும். தடிமன் கூடினால் தடை குறையும் என்று நான் வாய் திறக்கவே வேண்டாம்.

கடலூரிலோ புதுச்சேரியிலோ இவற்றைச் சில்லறையாகக் கொடுக்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள். ஹீட்டர் காயில் கம்பியை நீட்டிப் பயன்படுத்தியவர்கள் யாராவது உண்டா? சுருளை நேராக்கும்போது உடைகிறதா?

இன்னொன்று: தொடரிணைப்பில் முதல் பல்பே மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்று பாதி வகுப்பு நம்புகிறது. பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டர் வைத்து, மின்னோட்டம் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் என்று காட்டலாம், ஆனால் இருப்பது ஒன்றுதான். ஒரு வாரத்துக்கு இரவல் தர முடிந்தவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.