தளபதி லாலி குற்றவாளியா, பலிகடாவா?

குண்டு உப்பலவாடியான்:
கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டை இடிபாட்டை நேற்று மகனுக்குக் காட்டினேன். "யாரப்பா இடித்தது?" என்றான். லாலி என்றேன். 1758 ஏப்ரல் கடைசியில் புதுச்சேரியில் வந்து இறங்கிய பிரெஞ்சுத் தளபதி, ஜூன் 2-இல் ஆங்கிலேயர் கையிலிருந்த அந்தச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துவிட்டார். ஐந்தே வாரம்! அவர் தலையை 1766-இல் பாரிஸில் சொந்த நாட்டுக்காரர்களே வெட்டினார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

முத்தியால்பேட்டை வாசி:
இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன, ஐயா. அந்த ஐந்து வாரத்தில் சுமை தூக்கியது யார்? வண்டி மாடு சேர்க்காமல் புறப்பட்டுவிட்டு, புதுச்சேரிக்காரர்களைச் சாதி பார்க்காமல் பிடித்துப் பீரங்கி இழுக்க வைத்தார். (சாதி பார்க்காததை இன்று யாராவது பாராட்டக்கூடும். இழுத்தவன் பாராட்டியிருக்கமாட்டான்.) தக்காணத்தில் காலூன்றியிருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியையும் திரும்ப அழைத்தார். மறு ஆண்டே ஆந்திரக் கரையிலிருந்த மசூலிப்பட்டினம் பிரெஞ்சுக்காரர் கைவிட்டுப் போனது.

குண்டு உப்பலவாடியான்:
படைக்குச் சம்பளம் கொடுக்கவே காசில்லை. கப்பற்படைத் தலைவர் தாஷேயோ மொரீஷியஸுக்குப் போய்விட்டார். வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டிடம் தோற்றதில் வியப்பென்ன?

ஓ.டி. மாணவி:
ஒரு சந்தேகம். 1760 டிசம்பர் கடைசியில், 2011-இல் 'தானே' புயல் வந்த அதே நாட்களில், ஒரு புயல் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களைச் சிதறடித்ததே. அப்போதும் லாலி ஏன் தப்பவில்லை?

முத்தியால்பேட்டை வாசி:
உள்ளே சோறு இருந்தால்தானே, தங்கச்சி? நவம்பரிலேயே சுமார் 1400 உள்ளூர் மக்களைக் கோட்டைக்கு வெளியே துரத்திவிட்டார். ஆங்கிலேயர் வழிவிடவில்லை. இவரும் கதவைத் திறக்கவில்லை. எட்டு நாள் இரண்டு படைக்கும் நடுவே புல்வேரைத் தின்று கிடந்தார்கள். கடைசியில் வழிவிட்டவர் எதிரித் தளபதி கூட். 1761 ஜனவரி 16 அன்று ஊர் விழுந்தது.

குண்டு உப்பலவாடியான்:
அந்த 1400 பேருக்கு என்னிடம் பதிலில்லை. ஆனால் இங்கிலாந்தில் கைதியாக இருந்தவர், பாரிஸில் தன்மேல் துரோகப் பழி கிளம்பியதைக் கேட்டு, அனுமதி வாங்கித் தானாகவே திரும்பிப் போனார். துரோகி போவானா? வாயைக் கட்டித்தான் வெட்டினார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அவருக்காக எழுதினார். 1778-இல் தீர்ப்பே ரத்தானது.

முத்தியால்பேட்டை வாசி:
துரோகி என்று நான் எங்கே சொன்னேன்? புதுச்சேரிவாசிகளை வதைத்துப் பணம் பறித்தார் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. அதை மட்டும் ரத்து செய்ய எனக்கு மனமில்லை.

குண்டு உப்பலவாடியான்:
அதற்குத் தலையை வெட்டலாமா? ஞாயிறு மாலை தேவனாம்பட்டினம் வாருங்கள், பேசுவோம். மகனும் வருவான். அவனுக்கு இன்னும் நூறு கேள்வி இருக்கிறது.