கேமரா முன் உட்கார்ந்ததும் பேச்சு மாறிவிடுகிறது: கொலுசுப் பட்டறை நேர்காணலுக்கு யோசனை தேவை

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:

வணக்கம். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பகுதிகளில் வெள்ளிக் கொலுசு செய்து வாழும் முதிய தொழிலாளர்களின் அனுபவங்களை வீடியோவாகப் பதிவு செய்யும் வேலையில் இரண்டு மாதங்களாக ஈடுபட்டிருக்கிறேன். கைப்பேசி, முக்காலி, சட்டையில் குத்தும் சிறிய மைக் ஆகியவையே என்னிடம் உள்ளன. கருவிகளின் குறையைவிட என்னை வருத்துவது வேறொன்று.

சென்ற வாரம் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவரைச் சந்தித்தேன். பதிவுக்கு முன் தேநீர் குடித்தபடி, பட்டறையில் சேர்ந்த புதிதில் ஒரு ஜோடிக் கொலுசை உருக்கிக் கெடுத்த கதையைச் சொன்னார். வெள்ளி ஏறத்தாழ 962 டிகிரி செல்சியஸில் உருகும். வளையங்களை ஒட்டப் பற்றவைக்கும் பொடி அதற்கு முன்பே உருகிவிடும். அந்த இடைவெளிக்குள், ஊதுகுழலால் தீயை ஊதுவதை நிறுத்தத் தெரியாதவன் கையில் கொலுசின் வளையம் உருண்டையாகிவிடும். இதை அவர் டிகிரிக் கணக்கில் சொல்லவில்லை. வெள்ளி எந்தச் சிவப்புக்கு வரும்போது மூச்சை நிறுத்த வேண்டும் என்பதைக் கன்னத்தை உப்பிக் காட்டிச் சொன்னார். உடனே அவரைச் சுவரோரம் நாற்காலியில் அமர்த்தி, மைக்கைப் பொருத்தி, அதையே மறுபடி கேட்டேன். தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "இது பாரம்பரியமான தொழிலுங்க, ஆரம்பத்துல கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிட்டோம்" என்று முடித்துவிட்டார். இப்படி நடப்பது இது மூன்றாவது முறை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஆவணப்பட உதவியாளர், அஸ்தம்பட்டி:

ஐயா, அந்தக் கதையை நீங்கள் தேநீர் வேளையிலேயே கேட்டுத் தீர்த்துவிட்டீர்கள். தெரியாத ஒருவருக்குச் சொல்லும்போதுதான் மனிதர்கள் கன்னத்தை உப்பிக் காட்டுவார்கள். ஏற்கெனவே தெரிந்தவரிடம் மறுபடி சொல்லச் சொன்னால் சுருக்கத்தைத்தான் தருவார்கள். இது மரியாதையின் பாற்பட்டது, ஒரே கதையைச் சொல்லி உங்களைச் சலிப்படையச் செய்யக் கூடாது என்ற எண்ணம் அது. ஆகவே முதல் சந்திப்பில் ஊர், உறவு, உடல்நலம், மழை என எதை வேண்டுமானாலும் பேசுங்கள். தொழிலின் வாசலுக்கு அவரே வந்துவிட்டால், "இதை நாளைக்கு விரிவாகக் கேட்டுக்கொள்கிறேன், ஐயா" என்று பணிவாக நிறுத்திவிடுங்கள். கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுக்கவும் வேண்டாம். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். கொடுத்த தாளுக்கு மனப்பாடம் செய்த பதில்தான் வரும்.

கேட்டுவிட்ட கதைக்கும் ஒரு வழி உண்டு. அதைக் கேட்டிராத ஒருவரை, முடிந்தால் அந்த வீட்டுப் பேரனையோ பேத்தியையோ, கேமராவின் லென்ஸுக்கு மிக அருகில், பெரியவரின் கண் மட்டத்திலேயே உட்கார வையுங்கள். "தம்பிக்கு அதைச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். அவர் பார்வை கேமராவின் ஓரமாக விழும். பார்ப்பவர்களுக்கு அவர் முகம் முழுமையாகத் தெரியும்.

நாற்காலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயுள் முழுவதும் தரையில் மணையில் அமர்ந்து வேலை செய்தவரைச் சுவரோரம் நாற்காலியில் வைத்தால் கைகள் எங்கே போகும்? அதனால்தான் துண்டை மடித்து வைத்துக்கொண்டார். அவரை அவர் இடத்திலேயே அமர விடுங்கள், கையில் இடுக்கி இருக்கட்டும், நீங்களும் தரையில் உட்காருங்கள், முக்காலியையும் தாழ்த்துங்கள். கை தன் வேலையைச் செய்யும்போது வாய்க்குக் கூச்சம் குறையும்.

ஒலிப்பதிவாளர், அம்மாபேட்டை:

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் பட்டறையிலேயே பதிவு செய்தால் இரைச்சல் வரும் என்பதால் சில குறிப்புகள். மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால் குரலின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும். பின்னணி இரைச்சலோ குறையாமல் அப்படியே இருக்கும். மின்விசிறியையும் மெருகு போடும் இயந்திரத்தையும் நிறுத்தச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம், ஆனால் ஊதும் சத்தத்தை நிறுத்தாதீர்கள், அது கதையின் பகுதி. ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பதிவு செய்யுங்கள். முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது அது கைகொடுக்கும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் பட்டைகள் ஓடினால் ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் ஒளி விழும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 நொடியில் நிலையாக வையுங்கள்.

ஏற்காட்டு அன்பர்:

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களில் பழம் பறித்த மூத்த பெண்களைப் பதிவு செய்தவள் என்ற முறையில் கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். ஓர் அம்மாவிடம், "அந்தக் காலத்தில் வேலை மிகவும் கஷ்டமாக இருந்ததா?" என்று கேட்டேன். "ஆமா, கஷ்டந்தான்" என்றார். பதிலை நானே கேள்விக்குள் வைத்துக் கொடுத்துவிட்டேன், அவர் அதை எடுத்துத் திருப்பித் தந்தார், அவ்வளவுதான். பிறகு, "விடிந்ததும் முதலில் எதைக் கையில் எடுப்பீர்கள்?" என்று மாற்றிக் கேட்டபோது, இடுப்பில் சாக்குக் கட்டுவதிலிருந்து தொடங்கி, கிளை முறியாமல் பழத்தை மட்டும் விரல் நுனியால் திருகி எடுக்கும் விதம் வரை சொன்னார். பதில் முடிந்துவிட்டதாகத் தோன்றும் இடத்தில் நான் வாய் திறக்காமல் ஐந்து நொடிகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான், கைக்குழந்தையை மர நிழலில் தூளியில் விட்டுவிட்டு நிரை மாறிப் போன நாளைப் பற்றிப் பேசினார். "ம்", "சரிங்க" என்று இடையிடையே ஒலி எழுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், தலையசைத்தால் போதும்.

உங்கள் குரல் படத்தில் வராது என்றால், பதிலைக் கேள்வியையும் சேர்த்துச் சொல்லும்படி தொடக்கத்திலேயே வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் பேச்சுத் தமிழைத் திருத்தாதீர்கள். ஒருமுறை திருத்தினால் அடுத்த வாக்கியத்திலிருந்து புத்தகத் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார்.

மலைக்கு வந்து பதிவு செய்வதானால் மட்டும் ஒரு செய்தி: ஜன்னலுக்கு வெளியே மூடுபனி நகரும்போது ஒரே பதிலுக்குள் முகம் வெளுத்தும் கறுத்தும் மாறும். வெளிச்சத்தையும் நிறச் சமநிலையையும் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மீண்டும் சென்றேன். பேரன் லென்ஸுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பெரியவர் தம் மணையில் அமர்ந்தார். கன்னத்தை உப்பிக் காட்டியதோடு நிற்காமல், ஊதுகுழலை அவன் கையில் கொடுத்து ஊதச் சொல்லி, "போதும், நிறுத்து" என்றார். அவர் பேசி முடித்ததும் நான் பேசாமல் காத்திருந்தேன். கெடுத்த கொலுசுக்கான வெள்ளியை முதலாளி அவர் கூலியில் பிடிக்காமல் விட்டதையும், அதை வீட்டில் இதுவரை சொன்னதே இல்லை என்பதையும் அப்போதுதான் சொன்னார். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி அடுத்த வாரம் தானும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். கம்பியில் வளையம் கோத்துத் தந்தது முழுக்க அவர்தானாம். இந்த முறை தேநீரைப் பதிவு முடிந்த பிறகே குடிப்பதாக இருக்கிறேன்.