‘வொர்க்’ என்னும் சொல்லைக் கற்றுக்கொண்ட விதம்

பணியில் சேர்ந்த புதிதில், எனக்கு நிறைய வேலைகள் இருக்கின்றன என்று தெரிவிக்க நினைத்து, ‘ஐ ஹேவ் மெனி வொர்க்ஸ்’ என்று மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது, அச்சொல்லின் கடைசி எழுத்தை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘தொழிற்சாலைகளா, நூல்களா?’ என்று கேட்டிருந்தார். அன்றுதான் அகராதியைப் புரட்டினேன். செய்ய வேண்டிய வேலை என்ற பொருளில் வொர்க் எண்ணிச் சொல்ல முடியாத பெயர்ச்சொல். அதற்குப் பன்மை கிடையாது. ‘வொர்க்ஸ்’ என்று எழுதினால் தொழிற்கூடம் என்றோ, ஒருவருடைய படைப்புகள் என்றோ, சாலை, பாலம் போன்ற கட்டுமானப் பணிகள் என்றோ பொருள் மாறிவிடுகிறது. தமிழில் ‘வேலைகள்’ என்பது இயல்பாக நாவில் வருவதால்தான் நம்மில் பலர் இந்த இடத்தில் இடறுகிறோம் என்று நினைக்கிறேன். பலவாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘டாஸ்க்ஸ்’ என்று எழுதிவிடலாம்.

பிறகு மொழிபெயர்ப்புக்கு வந்தபோது, ஓவியக் கண்காட்சிக் கையேட்டில் அதே சொல்லைப் ‘படைப்பு’ என்றும், இயந்திரக் கையேட்டில் ‘இயங்குகிறது’ என்றும், மருந்துக் குறிப்பில் ‘பலன் தருகிறது’ என்றும் எழுதப் பழகினேன். ஆனால் ஒரு முழு மாலை என்னைப் பிடித்து வைத்தது ‘ராட் அயர்ன்’ (wrought iron) என்ற தொடர்தான். ‘ராட்’ என்பது வொர்க் என்னும் வினையின் பழைய இறந்தகால வடிவம் என்று அறிந்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். அச்சில் வார்க்காமல், சுத்தியலால் அடித்து உருவாக்கிய இரும்பு அது. தமிழில் தேனிரும்பு என்கிறோம். 1844-இல் அமெரிக்கத் தந்தி முன்னோடியான மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அனுப்பிய ‘வாட் ஹேத் காட் ராட்’ என்ற புகழ்பெற்ற தந்திச் செய்தி முடிவதும் இதே ‘ராட்’ என்ற சொல்லில்தான்.

* * *

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மேலே எழுதியிருப்பதைப் படித்ததும், இயற்பியல் ஆசிரியனான எனக்கு என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. கனமான பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பவர் எவ்வளவு வொர்க் செய்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். நிறைய என்றார்கள். விசையையும், அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவையும் பெருக்கிக் கிடைப்பதே இயற்பியலில் வேலை; 1 நியூட்டன் விசை ஒரு பொருளைத் தன் திசையில் 1 மீட்டர் நகர்த்தினால் 1 ஜூல். பெட்டி நகரவே இல்லை என்பதால் விடை சுழி என்றேன். ‘அப்படியானால் அவருக்கு ஏன் ஐயா வியர்க்கிறது?’ என்று ஒரு மாணவி கேட்டாள். பெட்டி அசையாவிட்டாலும், அதைத் தாங்கும் தசை இழைகள் உள்ளுக்குள் ஓயாமல் இழுத்து விட்டு ஆற்றலைச் செலவழிக்கின்றன என்று விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.