சிக்னல் முழுக்க இருக்கு, நெட் மட்டும் இல்லை

கல்லடிக்காரன்:
எங்கள் வளவுக்குள் இருக்கிற கொட்டிலில் தங்கச்சி ரியூசன் நடத்துகிறாள். வீட்டு வைபை அங்கே எட்டாது. நடுவில் இரண்டு கல் சுவர், போதாததற்குத் தகரம். மேசை லாச்சியில் பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தது. வளவுக்குள்ளால் கேபிள் இழுத்துக் கொட்டிலில் பூட்டிவிட்டேன். இரண்டு நாள் அருமை. மூன்றாம் நாள் பாதிப் பிள்ளைகளின் போனில் சிக்னல் முழுக்க இருக்கிறது, நெட் இல்லை. அணைத்துப் போட்டால் சிலருக்கு வரும், சற்றுமுன் வந்தவர்களுக்குப் போய்விடும்.

கேபிளை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன். கடைசியில் கம்பனிக்கும் அடித்துக் கத்தினேன். ஆள் வந்து வீட்டுக்குள் நின்று தன் போனைப் போட்டுப் பார்த்தார். "உங்கட லைன் நல்லாத்தான் இருக்கு அண்ணன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த கோபம்! ஆனால் அவர் சொன்னது சரி.

கண்டுபிடித்தது உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை. நெட் வருகிற போன்களின் ஐபி முகவரி (ரவுட்டர் ஒவ்வொரு போனுக்கும் கொடுக்கிற நம்பர்) 192.168.1 என்று தொடங்குகிறது, வராத போன்களில் 192.168.0. "சேர், ரெண்டு பெட்டியும் நம்பர் குடுக்குது" என்றான். டிஸ்பென்சரியில் இரண்டு பேர் தனித்தனியாக நம்பர் துண்டு கொடுத்தால் எப்படி இருக்கும், அதேதான். முந்திப் பதில் சொல்கிற பெட்டியின் துண்டைப் போன் வாங்கிக்கொள்ளும். பழையது கொடுத்த துண்டோடு போனால், வெளியே போக வழியில்லாத அந்தப் பெட்டியிடமே போய் முட்டி நிற்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பழைய ரவுட்டரில் டிஎச்சிபியை, அதாவது நம்பர் கொடுக்கிற வேலையை, நிறுத்த வேண்டும், கேபிளை இன்டர்நெட் துளையில் குத்தாமல் லேன் துளையில் குத்த வேண்டும். ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் அதன் சொந்த முகவரியை வீட்டிலுள்ள பெரிய ரவுட்டரின் வரிசைக்கு மாற்றுங்கள், நான் 192.168.1.2 கொடுத்தேன். (பெரியது போன்களுக்குக் கொடுக்கிற எண்களுக்குள் அது வரக்கூடாது.) டிஎச்சிபியை நிறுத்துவது அதற்குப் பிறகு. நான் தலைகீழாகச் செய்து, அதன் செட்டிங்குக்குள் போக வழி தெரியாமல் குண்டூசியால் ரீசெட் பொத்தானை அமர்த்தி முதலிலிருந்து தொடங்கினேன்.

இன்னொன்று. வைபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வழக்கமாகப் போடுகிற சனல்கள் 1, 6, 11. நான் கெட்டித்தனமாக 13 போட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு லெப்டொப்புக்கு வைபையின் பெயரே தெரியவில்லை. அமெரிக்காவுக்கென்று செய்த சாமான்கள் பல 12, 13ஐத் தேடுவதில்லை.

காத்தான்குடியிலிருந்து:
தம்பி, எங்கட சாப்பாட்டுக் கடையில் பெட்டி ஒன்றுதான், கதை வேறு. பகலில் ஒரு குறையும் இல்லை. இரவு எட்டு மணிக்குப் பிறகு வருகிறவர்களுக்கு 'ஐபி முகவரி பெறப்படுகிறது' என்றே நிற்கும். பெட்டியின் கையில் இருந்தது 100 முகவரி, ஒருமுறை கொடுத்தால் 24 மணித்தியாலம் திரும்பி வராது. காலையில் பிளேன்டீ குடித்துவிட்டுப் போனவரின் நம்பரை இரவு வரை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது! நேரத்தை 1 மணித்தியாலமாகக் குறைத்தேன். மறுகா ஒரு முறைப்பாடும் இல்லை.

பாசிக்குடாவிலிருந்து:
விருந்தினர் விடுதி. 5 கிகாஹெர்ட்ஸ் நாளுக்கு ஓரிரு தடவை எல்லோருக்கும் ஒன்றாக அறுந்துவிடும், ஒரு நிமிடத்தில் தானாக வரும். சனலை ஓட்டோவில் விட்டிருந்தோம், அது 100இல் போய் உட்கார்ந்திருந்தது. 52 முதல் 144 வரை ரேடாரோடு பங்குபோடுகிற சனல்கள். ரேடார் போல ஏதும் கேட்டால் பெட்டி அந்தச் சனலை விட்டு ஓட வேண்டும் என்பது விதி. அதே வகைச் சனல் இன்னொன்றுக்குப் போனால், குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேசத் தொடங்கும். இங்கே எங்கே ரேடார் என்று கேட்காதீர்கள், சில பெட்டிகள் இல்லாததையும் இருக்கிறதென்று நினைக்கும். 36இல் நிறுத்திவைத்தேன், தீர்ந்தது.

கல்முனையிலிருந்து:
கடற்கரைப் பக்கம் வெளியே வைபை பெட்டி பூட்டியிருப்பவர்கள் கேபிளின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். எங்களுடையது மழை பெய்தால் தானாக அணைந்து எரியும். கரண்டும் அதே கேபிளால்தான் போகிறது. பிளக்குக்குள் உப்புக் காற்றுப் பட்டுப் பச்சையாகக் களிம்பு. வெட்டிப் புது பிளக் அடித்தோம். கேபிளைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றினோம், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இடி முழங்கினால் இரு பக்கமும் கழற்றிவிடுவேன். ஒருமுறை சோம்பல்பட்டதில் சுவிட்சில் நாலு துளை கருகியது.

கல்லடிக்காரன்:
கல்முனை அண்ணன், வளவுக்குள்ளால் போகிற என் கேபிள் முருங்கை மரத்தில் கட்டித்தான் இருக்கிறது. வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. கழற்றிவிட்டு வருகிறேன்.