பொருள்: காலாவதியா, வழக்கொழிந்ததா? ‘நமுத்த பக்கம்’ எனலாமா

அனைவருக்கும் வணக்கம்.

எழுதிய நாளில் சரியாக இருந்து, தொழில்நுட்பம் மாறியதால் பிசகிப்போன இணையப் பக்கத்துக்கு நம் சொற்பட்டியலில் சேர்க்க ஒரு சொல் தேடுகிறோம். ‘காலாவதியான பக்கம்’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. காலாவதி என்றால் மருந்து அட்டையில் அச்சடித்த தேதி. தாண்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான். இந்தப் பக்கங்களில் அப்படித் தேதியே கிடையாது. அடியில் இருக்கிற ‘கடைசியாகத் திருத்திய’ தேதியும் ஏமாற்றும்.

போன வாரம் அஸ்தம்பட்டியில் அக்கா மகளுக்குப் பைத்தான் நிரல்மொழி சொல்லிக்கொடுத்தேன். யாரும் திருத்தக்கூடிய ஒரு தளத்தில் இருந்ததைப் பார்த்து அப்படியே, ‘பிரிண்ட்’ கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் ‘சேலம்’ என்று தட்டினாள். பிழை! “மாமா, போன மாதம்தானே திருத்தியிருக்கிறார்கள்?” என்று பக்கத்தின் அடியைக் காட்டினாள். திருத்த வரலாற்றைத் திறந்தேன். போன மாதம் ஒரு புண்ணியவான் விட்டுப்போன ‘ப்’ ஒன்றைச் சேர்த்திருக்கிறார். நிரல் வரியைத் தொடவே இல்லை. அடைப்புக்குறி இல்லாமல் எழுதுவது பைத்தான் 2இன் வழக்கம். அடைப்புக்குறி கட்டாயமான 3ஆம் பதிப்பு 2008இலேயே வந்துவிட்டது. 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது.

‘வழக்கொழிந்த’ என்பதும் பொருந்தாது. வழக்கொழிந்தது பைத்தான் 2. ‘இது 2ஆம் பதிப்புக்கு’ என்று தலையில் எழுதியிருந்தால் அந்தப் பக்கம் இன்றும் சரிதான்.

என் முன்மொழிவு: நமுத்த பக்கம். வினை நமுத்தல், பெயர் நமுப்பு. (நமத்தல் என்றும் எழுதுவதுண்டு.) தட்டுவடை செட் (மொறுமொறு தட்டைகளுக்கு நடுவே காயும் சட்னியும்) தின்று வளர்ந்த சேலத்தில் இதற்கு உரை வேண்டாம். நமுத்த தட்டுவடை பார்வைக்கு அப்படியே இருக்கும், கடித்தால்தான் தெரியும். ஊசிப்போகவில்லை, சூடு காட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். சேலத்து வெயிலில் நாள்கணக்கில் தாங்குகிற அதே தட்டுவடை, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டு மூடுபனியில் பிரித்து வைத்தால் அன்று மாலையே நமுத்துவிடும். பக்கங்களும் அப்படித்தான்: மின்னியலின் மாறாத ஓம் விதியைப் பற்றிய கட்டுரை சேலத்தில் இருக்கிறது. அடிக்கடி மாறும் கைப்பேசி இயங்குதளத்தைப் பற்றியது ஏற்காட்டில்.

—

ஏற்காட்டிலிருந்து மறுமொழி:

ஐயா, எங்கள் ஊர்ப் பனியை வம்புக்கு இழுத்திருக்க வேண்டாம். சொல் பிடித்திருக்கிறது, ஓர் ஐயம் மட்டும். கணினியோடு கருவிகளை இணைக்கும் யூஎஸ்பி முறையின் 3.0 பதிப்பு, நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தோடு 2008இல் வந்தது. அதுவே பிறகு 3.1 ஜென் 1 ஆகி, அதன் பின் 3.2 ஜென் 1 ஆனது. வேகம் அதே 5தான். பழைய பெயரைச் சொல்லும் பக்கம் நமுத்ததா, இல்லையா?

—

அம்மா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். வேகம் மொறுமொறுப்பாக இருக்கிறது, பெயர் நமுத்துவிட்டது. பக்கம் முழுவதையும் குற்றம் சொல்வது சரியில்லை. சொற்பட்டியலில் ‘நமுத்த வரி’ என்றே பதிகிறேன். ‘பக்கம்’ அதன் கீழே வரட்டும்.